டாஸ்மேனியாக் கடலைப் பாழாக்கும் கடல் முள்ளெலிகளைப் (sea urchin) பிடித்துத் தின்றே ஒழித்துவிட முடியாதா?

முழுசாக ஒழிக்க முடியாது. ஆனாலும் பிடித்துத் தின்பதால் பலன் உண்டு. நான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில் இருக்கிறேன். கிழக்குக் கரையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்துகிற பழக்கம் உண்டு என்பதால், பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முள்ளெலி என்று இங்கே சொல்வது நிலத்து விலங்கை அல்ல, உருண்டை ஓட்டில் முட்கள் நிறைந்த கடலுயிரியை. இந்த நீள்முள் முள்ளெலிக்குச் சொந்த இடம் வடக்கே உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். டாஸ்மேனியாவில் 1978-ல்தான் முதலில் தென்பட்டது. தண்ணீர் 12 டிகிரிக்குக் கீழே போனால் இதன் இளம்பருவம் தேறாது. அதனால் இங்கத்திய குளிர்காலமே அதைத் தடுத்துவந்தது. வடக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் வலுக்க வலுக்க அந்தத் தடை போய்விட்டது. 2017 வாக்கில் கிழக்குக் கரையில் சுமார் 2 கோடி இருந்ததாகக் கணக்கு.

பகலில் பாறை இடுக்கில் பதுங்கி, கருத்த முட்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் மேய்ச்சல். கூட்டம் பெருகிவிட்டால் கெல்ப் எனும் பெரிய கடற்பாசிகளை அடியோடு மொட்டையடித்துவிடும். மிஞ்சுவது வெறும் பாறையும் அதில் ஒட்டிய இளஞ்சிவப்புப் படலமும்தான். அபலோன் என்ற கடல் நத்தை, சிங்கி இறால் எதற்கும் அங்கே பிழைப்பில்லை. பார்க்கவே வயிறு எரியும்.

சரி, தின்பதற்கு வருவோம். ஓட்டை உடைத்தால் உள்ளே ஐந்து மஞ்சள் சுளைகள் இருக்கும், அதற்குத்தான் விலை. ஆனால் மொட்டைப் பாறையில் பட்டினி கிடக்கும் முள்ளெலியில் சுளை சிறுத்து நிறம் மங்கியிருக்கும். அதனால் மூழ்கிப் பிடிப்பவர்கள் பாசி இன்னும் மிச்சமிருக்கும் ஓரங்களைத்தான் தேடிப் போகிறார்கள். அங்கே பரவல் மட்டுப்படுகிறது, அது பெரிய விஷயம். ஏற்கெனவே மொட்டையான இடமோ அப்படியே கிடக்கிறது. அங்கே பாசி திரும்ப முளைக்க வேண்டுமானால், அதை அழிக்கத் தேவைப்பட்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காக முள்ளெலிகள் குறைய வேண்டும். பாதியைக் குறைத்தால் பயனில்லை. ஆழமான பாறைகளில் மனிதர் நெடுநேரம் வேலை செய்யவும் முடியாது.

அங்கே வேலை செய்ய வேண்டியது சிங்கி இறால்தான். அதுவும் முதுகு ஓட்டின் நீளம் 14 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பெரியவைதான் வளர்ந்த முள்ளெலியைப் பிடித்துத் தின்னும். அந்த அளவு இறால்களைத்தான் பல பத்தாண்டுகளாக நாம் வாரி எடுத்துவிட்டோம். கிழக்குக் கரையில் இறால் பிடிக்க 2013 வாக்கில் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அதைத் தளர்த்தவே கூடாது என்பது என் கருத்து. அப்புறம், மொட்டைப் பாறையில் எடுக்கும் விலைபோகாத முள்ளெலிக்கும் அரசு கூலி கொடுக்க வேண்டும். சந்தையை மட்டும் நம்பினால் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.