தாய்மை கேள்வி பதில்: லேபர் வார்டில் துணைக்கு யார்?

என் மகளுக்கு 34 வாரம் ஆகிறது. பிரசவத்தின்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். அரசு ஆஸ்பத்திரியில் விடுவார்களா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

விட வேண்டும், அம்மா. பிரசவிக்கும் பெண் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் தென்னாப்பிரிக்க மகப்பேறு வழிகாட்டியும், 2018-இல் வந்த உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைகளும் சொல்கின்றன. ஆனாலும் வாசலில் தடுப்பதுண்டு. கட்டில்களுக்கு நடுவே திரை இல்லாத வார்டில் மற்றப் பெண்களின் மறைவு கெட்டுவிடும் என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் கணவரை மறுக்கும் இடத்தில்கூட அம்மாவையோ அக்காவையோ அனுமதிப்பதுண்டு.

வலி வந்தபின் வாசலில் நின்று வாதாடினால் பலன் குறைவு. அடுத்த கிளினிக் நாளிலேயே சிஸ்டரிடம் கேளுங்கள். உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மகளின் மகப்பேறு பதிவேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் அவள் கையிலேயே இருப்பதால், இரவில் வேறு சிஸ்டர் டியூட்டிக்கு வந்தாலும் எழுத்து பேசும். துணை ஒருவர்தான், ஆள் மாற்றி மாற்றிப் போகாதீர்கள்.

உள்ளே போனால் இடுப்பைத் தேய்த்துவிடுங்கள், மெல்ல நடக்க வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள். நிரம்பிய மூத்திரப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும். கருப்பைவாய் 10 செ.மீ. திறப்பதற்குமுன் "முக்கு, முக்கு" என்று சொல்லவே கூடாது. கருப்பைவாய் வீங்கிக்கொள்ளும், அவளும் களைத்துப்போவாள். வலி வர விளக்கெண்ணெய் கொடுப்பதை விட்டுவிடுங்கள்: வாந்தி, பேதியில் உடம்பு வறண்டுவிடும். அக்கம்பக்கத்தார் அன்போடு தரும் இசிஹ்லம்பேஸோ என்ற ஜூலு மூலிகைக் கஷாயமும் வேண்டாம்.

முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற ஆசை. "ஒருமுறை கிழித்தால் எப்போதும் கிழிப்புதான்" என்கிறார் மாமியார்.
– வாசகி, பீனிக்ஸ்

மாமியாரின் பயம் நியாயமானது, ஆனால் முடிவு அவர் சொல்வதுபோல் இருக்க வேண்டியதில்லை. வயிற்றுத் தோலில் இருக்கும் தழும்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதே கேள்வி. கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு என்றால் முயன்று பார்க்கலாம். தானாக வலி வந்து நடக்கும் பிரசவத்தில் தழும்பு கிழியும் ஆபத்து ஏறக்குறைய 200-க்கு ஒன்று. நெடுக்காக வெட்டியிருந்தாலோ, இரண்டு சிசேரியன் ஆகியிருந்தாலோ முயல வேண்டாம். 39 வாரத்தில் நாள் குறித்த ஆபரேஷனே பாதுகாப்பு.

ஆகவே பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் குறிப்பின் நகலை இப்போதே கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவைக் கேட்டுப் பெற 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் வழிசெய்கிறது. மிட்வைஃப்கள் மட்டுமே இருக்கும் பிரசவ நிலையம் உங்களுக்கு ஏற்றதல்ல. எந்நேரமும் ஆபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரி வேண்டும். தனியார் டாக்டர் என்றால் 20 வாரத்துக்குள் நேராகக் கேட்டுவிடுங்கள். சிலர் இதை ஏற்பதில்லை, எட்டாம் மாதத்தில் டாக்டரை மாற்றுவது கடினம். வலி தொடங்கியதும் புறப்படுங்கள். வலிக்கும் வலிக்கும் இடையில் ஓயாத நோவு, இரத்தப்போக்கு, வலி சட்டென்று நின்றுபோவது, இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

எங்கள் கோயில் மாதர் குழு கர்ப்பிணிகளுக்கு உதவ விரும்புகிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, டோங்காட்

இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஏற்பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, அது தாமதித்தால் கூப்பிட, இரண்டு ஓட்டுநர்களின் நம்பர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். பிறகு, டாக்டரிடமும் சிஸ்டரிடமும் இப்படிக் கேட்கக் கர்ப்பிணிகளைப் பழக்குங்கள்: "இது எதற்காக? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா?" 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 6-ஆம் பிரிவு, சிகிச்சையின் நன்மை தீமைகளையும் மறுக்கும் உரிமையையும், இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், விளக்கச் சொல்கிறது. மருத்துவ முடிவைக் குழு சொல்லக் கூடாது. பேசுவதும் அந்தப் பெண் சம்மதித்தால்தான்.

தகாத பேச்சோ அடியோ நடந்திருந்தால் நாள், மணி, வார்டு, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். "மோசமாக நடத்தினார்கள்" என்று மட்டும் எழுதிய புகாரை விசாரிக்க வழியிருக்காது. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி யாரும் புகார் தரலாம். முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் சுகாதாரக் குறைதீர்ப்பாளருக்கு அந்த நகலோடு அனுப்புங்கள்.