"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி எடுக்க ஆரம்பித்து 18 வருடம் ஆகிறது. புதிதாகப் பயிற்றுநராகச் சேர்ந்தவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

அக்கா, குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர், பிரதிநிதிகளுக்குப் பயிற்சி எடுக்கிறேன். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றுமே நினைவில் இல்லை.

நாற்பது பேர் நடுவில் "புரியலை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் தீர்மான நோட்டைக் கையில் கொடுத்து, "நேற்றைய கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லை, சேமிப்பும் கட்டவில்லை. இதை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டிரண்டு பேராகப் பேசி எழுதட்டும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று நோட்டே சொல்லிவிடும்.

கேள்வி கேட்டதும் அறையே அமைதியாகிவிடுகிறது. பயத்தில் நானே பதிலையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் செய்கிற தப்புதான், நானும் செய்திருக்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். முன்னால் நிற்பவருக்கு மூன்று நொடி என்பது மூன்று நிமிஷம் மாதிரி இருக்கும். நான் அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பேன்.

"பங்கேற்பு முறை" என்று சொல்லித்தான் நடத்துகிறோம். ஆனால் சார்ட் பேப்பரில் என்ன வர வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். இது நடிப்பு இல்லையா?

நடிப்புதான். அவர்களுக்கும் அது தெரியும். நமக்குப் பிடித்த பதிலை ஒப்பித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒருமுறை உள்கடன், அதாவது குழுவின் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் கடன் பற்றிய பயிற்சி. மதியத்துக்குத் தொழில் கடன் பாடம் தயாராக வைத்திருந்தேன். காலையில் தரையில் சாக்பீஸால் ஐந்து கட்டம் போட்டு தொழில், படிப்பு, வைத்தியம், கல்யாணம், பழைய கடன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்தோம். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. போன வருடம் வாங்கிய கடன் எங்கே போனதோ அங்கே வைக்க வேண்டும். பின்வரிசையில் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கடைசியாக எழுந்து வந்து, ஏழு கொட்டையைப் பழைய கடனில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீதி மூன்றையும் அங்கேயே தள்ளினார். அதற்கப்புறம் முன்னால் வைத்தவர்களில் நாலைந்து பேர் வந்து தங்கள் கொட்டைகளை மாற்றி வைத்தார்கள். முதலில் எனக்காக "தொழில்" கட்டத்தில் வைத்திருந்தார்கள்!

மதியப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வட்டிக் கணக்கு போட்டோம். வெளியில் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு 60 சதவீதம் என்று அவர்களே கூட்டிச் சொன்னார்கள். என்ன பதில் வந்தாலும் மதியத் திட்டம் மாறாது என்றால், காலையில் கேட்காமலே இருக்கலாம்.

ஒரே ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். தடுத்தால் கோபித்துக்கொள்வார்.

தடுக்காதீர்கள், வேலை கொடுங்கள். மற்றவர்கள் சொல்வதைச் சார்ட்டில் எழுதுகிற பொறுப்பு அவருக்கு. எழுதுகிறவரால் அதிகம் பேச முடியாது.

விளையாட்டு அவசியமா?

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போதும். அறுபது வயது அம்மாவைத் தவளை மாதிரி குதிக்கச் சொல்லாதீர்கள்.

நாலு மணி ஆனால் எல்லாரும் வாசலையே பார்க்கிறார்கள். சலிப்பா?

பஸ்ஸாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளாக இருக்கும். காலையில் முதல் வேலையாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, பலகையில் எழுதி, அதற்கு அரை மணி முன்னால் முடித்துவிடுங்கள்.

"நீங்க பேசிட்டுப் போயிடுவீங்க, பேங்க்ல லோன் வாங்கித் தருவீங்களா?" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து மழுப்பினேன்.

"என்னால் வாங்கித் தர முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். அப்புறம், வங்கியில் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்குக் குழுவின் நோட்டைச் சரியாக எழுதாததுதான் சிக்கல். அந்த நோட்டை அங்கேயே விரித்துவிட்டால், அன்றைய பயிற்சி அதிலிருந்தே ஆரம்பிக்கும்.