காகிதப்பூவில் வெள்ளைப் பஞ்சு: முதலில் எறும்பைப் பாருங்கள்

கேள்வி: மொட்டை மாடியில் நான்கு தொட்டிகளில் காகிதப்பூ வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் நன்றாகப் பூத்தது. இப்போது கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துப் போகிறது. சில இலைகளை ஏதோ கடித்தும் இருக்கிறது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன், வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்கு கரைத்து விடுகிறேன். கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் பதினைந்து நாளில் திரும்ப வந்துவிட்டது. ஒரு செடி ரொம்ப மோசம். பிடுங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிடுங்க வேண்டாம். காகிதப்பூ லேசில் சாகிற செடி இல்லை. உங்கள் செடியில் இருப்பது மாவுப்பூச்சி. இலை பிசுபிசுப்பதும் கறுப்பதும் அதனால்தான். பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவின் மேல் படர்வதுதான் கரும்பூசணம். பூச்சி போனால் அதுவும் நின்றுவிடும். ஏற்கெனவே படிந்ததை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மருந்து அடித்தும் ஏன் திரும்ப வந்தது? பூச்சியின் மேலிருக்கும் மெழுகு, மருந்தை உள்ளே விடாது. பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் பத்திரமாக இருக்கும். அப்புறம், நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒருவர் அங்கே கட்டாயம் இருப்பார்: எறும்பு. நாளைக் காலை தண்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். கீழிருந்து மேலே ஒரு வரிசை போய்க்கொண்டிருக்கும். இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பை நிறுத்தாமல் எந்த மருந்து அடித்தாலும் பாதி வேலைதான்.

அதற்கு நம் பாட்டிமார் சமையலறை அலமாரிக்குச் செய்ததையே செய்யலாம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது, வேர் அழுகும். கொசு முட்டையிடாதபடி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிளை கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எறும்புக்கு அது பாலம். அதை வெட்டிவிடுங்கள்.

அடுத்தது கத்தரி. முள் குத்தும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு அடர்ந்த நுனிகளை வெட்டி, ஒரு கவரில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. மீதியிருப்பதைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்கும் முக்கியம். கணுவில் ஒட்டிக்கொண்டிருப்பதை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம்.

அப்புறம்தான் வேப்ப எண்ணெய். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல். வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது. 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடிக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வரும் குஞ்சுகளுக்கு மெழுகு குறைவு, அடுத்தடுத்த தெளிப்பில் மாட்டுவது அவைதான்.

இந்த வேலையில் நான் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யக் கூடாது. சில வருடங்களுக்கு முன் என் செடியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே வெள்ளை நூல் நூலாக, கொஞ்சம் பெரிதாகச் சில இருந்தன. தலைவன் பூச்சி என்று நினைத்து எல்லாவற்றையும் நசுக்கிவிட்டேன். அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்று தீர்ப்பதே அவற்றின் வேலை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசமந்தமாகக் கிடக்கும், பொறிவண்டுப் புழு சரசரவென்று ஓடும். ஓடுவதை விட்டுவிடுங்கள். அது இருக்கும் கிளையில் வேப்ப எண்ணெயும் அடிக்காதீர்கள்.

இயற்கை எதிரிக்கு எவ்வளவு பலம் என்று தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தெரியும். 2008இல் கோவைப் பக்கம் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அசரோபேகஸ் என்ற சிறு குளவிதான் அதை அடக்கியது.

இலைக் கடிக்கு வருவோம். ஓரத்தில் நாணயம் வைத்து வெட்டியது போல வழவழப்பான அரைவட்டமா? அப்படியென்றால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட இலைத் துண்டு எடுத்துப் போகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் செய்ய வேண்டாம். ஓரம் கன்னாபின்னாவென்று அரிக்கப்பட்டு, கீழே கருப்பு மணி மணியாக எச்சம் கிடந்தால் புழு. பகலில் அது தண்டோடு தண்டாக ஒட்டி ஏமாற்றும். ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்கி எடுங்கள். நாலு தொட்டிக்கு அதுவே போதும்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தினமும் தண்ணீரும் வாரம் பிண்ணாக்கும் தொடர்ந்தால் பூச்சி மறுபடி வரும். தழைச்சத்து கூடினால் தளிர் கொழுகொழுவென்று இளசாக வரும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. காகிதப்பூ கொஞ்சம் காய்ந்து, வெயிலில் நின்றால்தான் பூக்கும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பிண்ணாக்கை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படட்டும். தொட்டிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் தள்ளி வையுங்கள்.

அந்த மோசமான செடியை மற்ற மூன்றிலிருந்து பிரித்து, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அதற்கு முன் தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். வேரிலும் வெள்ளை மாவு தெரிந்தால் மண்ணை உதறி, வேரைக் கழுவி, புது மண்ணில் வையுங்கள். சில வாரங்களில் கணுக்களில் தளிர் தெரியும். முதல் தளிர் வந்த அன்றே ஒருமுறை தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.