கேளுங்கள் சொல்கிறேன்: தறிக்குடோனில் கரண்ட் போன நொடி

எனக்கு 25 வயது. பி.இ. முடித்துவிட்டு சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. வெளிநாட்டில் திரைக்கதை எழுத்தில் முதுகலை படிக்க ஆசை. விண்ணப்பத்தோடு அனுப்ப லண்டனில் நடக்கும் ஒரு த்ரில்லரை முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பன்னிரண்டு தறி. குடோனை ஒட்டியே வீடு, கரண்ட் போனால்தான் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கும், அப்படி வளர்ந்தவள். எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம், எதை அனுப்பலாம், அப்பாவிடம் பணம் கேட்கலாமா?
*பெயர் வேண்டாம், பல்லடம்*

அம்மிணி, முதலில் அந்த லண்டன் கதையை எடுத்து ஓரமாக வையுங்கள். 'கரண்ட் போனால்தான் கேட்கும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் அனுப்ப வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு தறியும் ஓடுகிறது, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அக்கா தங்கச்சியிடம் எதையோ கத்திச் சொல்கிறாள், வேறு யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில். சட்டென்று கரண்ட் போகிறது. தறி நின்றுவிட்டது, ஆனால் அவள் குரல் நிற்க அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியில் குடோன் முழுக்கக் கேட்டாகிவிட்டது. அப்பா ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஆனால் விரல் நடுங்குகிறது, முடிச்சு விழவில்லை. இதை எழுத முக்கால் பக்கம் போதும், வசனம் ஒரே வரி. இதை உலகத்தில் எந்த ஊரில் யார் படித்தாலும் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு 27 வயதில் ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தேன். அனுப்பியது பனி கொட்டுகிற ஊரில் நடக்கும் கொலைக் கதை. பனியை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரையை, ஒரு கன்சல்டன்சி எழுதிக் கொடுத்தது, 'சிறு வயது முதலே சினிமா மீது தீராத காதல்' என்று தொடங்கும், பணம் கட்டிய எல்லாருக்கும் அதே வரிதான் என்று பிறகு தெரிந்தது. ஐந்து இடத்திலும் இல்லை என்று வந்தது. அடுத்த வருடம் எங்கள் பெரியப்பா தோட்டத்தில் போர்வெல் போட்ட ராத்திரியை எழுதினேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி நிற்கிறது, அடிக்கு இவ்வளவு என்று காசு ஏறிக்கொண்டே போகிறது, எண்ணூறு அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான் வருகிறது, 'இன்னொரு நூறு அடி பார்த்தரலாமுங்களா' என்று வண்டிக்காரர் கேட்கும்போது பெரியம்மா பதில் சொல்லாமல் கழுத்துக் கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வருடம் இரண்டு இடத்தில் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், ஒன்றில் சீட் கிடைத்தது. பனிக்கதைக்குப் போட்ட அதே உழைப்புதான், கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை.

சரி, இடங்கள். அமெரிக்காவில் இதற்கு எம்.எஃப்.ஏ. என்று பெயர், பெரும்பாலும் இரண்டு ஆண்டு. லாஸ் ஏஞ்சலஸில் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஏ.எஃப்.ஐ. கன்சர்வேட்டரி, நியூயார்க்கில் கொலம்பியா, என்.ஒய்.யு. இவற்றில் பலவற்றில் கட்டணமும் தங்கலும் சாப்பாடும் சேர்த்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையம் வேறு வகை. மூன்று ஆண்டு, கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கும் அவர்களே கொடுக்கிறார்கள், திரைக்கதையோடு கவிதை, புனைகதை, நாடகம் இவற்றில் இன்னொன்றையும் படிக்க வேண்டும். மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள், இருந்தாலும் விண்ணப்பியுங்கள். இங்கிலாந்தில் லண்டன் ஃபிலிம் ஸ்கூலில் ஒரு ஆண்டு எம்.ஏ., பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள நேஷனல் ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் ஸ்கூலில் இரண்டு ஆண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்களிடம் மூன்று இருக்கிறது. அது ஓராண்டு முதுகலைக்குத்தான் கிடைக்கும், படித்து முடித்து ஊர் திரும்பி இரண்டு ஆண்டாவது இங்கே இருக்க வேண்டும். உங்களுக்கு அது நிபந்தனையாகவே தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பி.இ. நான்கு வருடப் படிப்பு என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று முதலிலேயே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டியபிறகு கேட்டுப் பயனில்லை. அமெரிக்கக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வந்துவிடும். ஆடி பிறக்கும்போது திரைக்கதையின் முதல் வரைவு கையில் இருந்தால்தான் இரண்டு முறையாவது திருத்தி எழுத நேரம் இருக்கும்.

பணம். தறியை வைத்துக் கடன் வாங்கிப் போகாதீர்கள். இந்தப் படிப்புக்குக் கேம்பஸ் இண்டர்வியூ இல்லை, முடித்த மறுமாதம் சம்பளம் வராது, ஆனால் வட்டி கடன் வாங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். கூலி உயர்வுக்காக எத்தனை முறை தறியை நிறுத்திவைத்துக் காத்திருந்திருப்பார் உங்கள் அப்பா, அந்த வீட்டின் மேல் ஒரு கோடி சுமை வேண்டாம். உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் புனே இருக்கிறது. 1960-இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கிய எஃப்.டி.ஐ.ஐ. என்ற அரசுத் திரைப்படக் கல்லூரியில் திரைக்கதைக்கென்றே தனிப் படிப்பு உண்டு. கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்தில் இயக்கத்தோடு சேர்த்துத் திரைக்கதையும் சொல்லித் தருகிறார்கள். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவு வெளிநாட்டோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

திரைக்கதையை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பேச்சை எப்படி ஆங்கிலத்தில் கொண்டுவருவது? 'ஏனுங்', 'சொல்லுங்' எல்லாம் போனால் ஆளே போன மாதிரி இருக்கிறது.
*ஒரு வாசகர், சத்தியமங்கலம்*

நல்ல கேள்வி, இதில் நானும் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த 'ங்'கில் இருக்கிற மரியாதையை ஆங்கில வார்த்தையில் தேடாதீர்கள், கிடைக்காது. எங்கள் ஊரில் அந்த 'ங்' போட்டுப் பேசுகிறவர் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். திண்ணையில் இடம் இருந்தும் உட்காராமல் நிற்பார், காப்பி டம்ளரை வாங்கும்போது இடது கை வலது முழங்கையைத் தொடும், தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியிருக்கும். அதை எழுதுங்கள், வசனம் சாதாரண ஆங்கிலத்தில் இருக்கட்டும். மாமா, அப்புச்சி, அம்மிணி போன்ற கூப்பிடும் சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள், இரண்டாவது பக்கத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும். அமெரிக்க நாட்டுப்புறப் பேச்சை எடுத்து நம் விவசாயி வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், கோபியில் நிற்கிற ஆள் டெக்சாஸ்காரர் ஆகிவிடுவார்.

அப்புறம் வடிவம். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று பிரிக்கும் நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது. கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு, ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம், முழுநீளக் கதை 90 முதல் 120 பக்கம். ட்ரெல்பி போன்ற இலவச மென்பொருளே அந்த அமைப்பைப் போட்டுக் கொடுத்துவிடும்.

வெள்ளாங்கோவிலில் இருந்து போன பாக்யராஜ் எந்தக் கல்லூரியில் திரைக்கதை படித்தார்? உதவி இயக்குநராகச் சேர்ந்தால் போதாதா?
*ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்*

பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்து கற்றார், அதுவும் பள்ளிக்கூடம்தான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. உங்களால் சென்னையில் நான்கைந்து வருடம் வருமானமில்லாமல் தாக்குப் பிடிக்க முடியும், கதை டிஸ்கஷனுக்குக் கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் கதவு தெரிந்தவர் மூலமாகத்தான் திறக்கிறது. மேலே எழுதிய பல்லடத்துப் பெண்ணுக்கு சென்னையில் சினிமாக்காரர்கள் இருக்கும் சாலிகிராமத்தில் யாரையும் தெரியாது, பத்துப் பேர் தங்கும் ரூமில் அவர் போய்த் தங்கவும் முடியாது. யாரென்றே தெரியாத ஒருவர் எழுதியதை உட்கார்ந்து படித்துப் பார்க்கிற இடம் இந்தக் கல்லூரிகள், அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்கிறார்கள். எம்.எல்.ஏ.விடம் வாங்கலாமா?
*ஒரு வாசகி, பெருந்துறை*

வேண்டாம். உங்கள் எழுத்தைப் படித்த மூன்று பேரிடம் வாங்குங்கள். கல்லூரித் தமிழ் ஆசிரியர், நீங்கள் எழுதிய குறும்படத்தை எடுத்த இயக்குநர், உங்கள் நேரந்தவறாமையைப் பார்த்த மேலாளர் என்று இருந்தால் நல்லது. கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள், கேட்கும்போது உங்கள் திரைக்கதையையும் கையில் கொடுங்கள்.