கேன்சல் கொடுத்தும் ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்ஃப்ளோ: ஏபிஐ வழியாக நிறுத்துவது எப்படி?

கேள்வி: நிரல்களைச் சேமித்துத் தானாக ஓட்டவும் உதவும் தளமான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் எங்கள் வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைகளின் தொகுப்பு) ஒன்று தினமும் இரவில் தானாகக் கிளம்பும். ஒரு கோப்பைச் சரிபார்த்துவிட்டு, அதிலுள்ளபடி தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் பதிவுகளைத் திருத்தும். ஸ்கிரிப்ட் பைத்தானில் எழுதியது. சென்ற வாரம் தவறான கோப்போடு கிளம்பிவிட்டது. எங்கள் கண்காணிப்பு நிரல் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் கேன்சல் அனுப்பியது. 202 என்று பதில் வந்ததால் நின்றுவிட்டது என்று நினைத்தோம். ஆனால் அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் போல ஓடியிருக்கிறது. மறுபடி அனுப்பினால் 409. இப்போது சில பதிவுகள் மாறியும் மற்றவை மாறாமலும் கிடக்கின்றன. தவறு எங்கே? இனி எப்படி நிறுத்துவது?

பதில்: நீங்கள் அனுப்பிய அழைப்பு சரியானதுதான். 202-க்கு நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள்தான் இடித்துவிட்டது. ஹெச்டிடிபி (இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் நெறிமுறை) விதிப்படி 202 என்றால் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டேன் என்பது மட்டுமே. வேலை முடிந்தது என்று அதற்குப் பொருள் கிடையாது. கேன்சல் அழைப்பு ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்புவது போல. உள்ளே இருப்பவர் அதைப் படித்து, கையில் இருக்கும் வேலையைக் கீழே வைக்கும்வரை எதுவும் நிற்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கும் காரணம் தெரிந்துவிடும். கேன்சல் வந்ததும் கிட்ஹப் சர்வர், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஜாபுக்கும் (வொர்க்ஃப்ளோவின் ஒரு பகுதி வேலை) நீங்கள் எழுதி வைத்திருக்கும் 'இஃப்' நிபந்தனையை மறுபடி கணக்கிடும். நிபந்தனை உண்மை என்று வந்தால் அந்த ஜாபைத் தொடாது. மற்ற ஜாப்களை நிறுத்தச் சொல்லி அவற்றின் ரன்னருக்கு, அதாவது அவற்றை ஓட்டும் கணினிக்கு, செய்தி போகும். ரன்னர் தன் பங்குக்கு, அப்போது ஓடும் ஸ்டெப்பின் (ஜாபுக்குள் ஒரு படி) நிபந்தனையைப் பார்க்கும். அதுவும் உண்மை என்றால் ஸ்டெப் தொடர்ந்து ஓடும். இல்லையென்றால் அந்த ஸ்டெப்பின் முதன்மைப் புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) சிக்இன்ட் சிக்னல் போகும், அதாவது விசைப்பலகையில் கண்ட்ரோல்-சி அழுத்தியது போல. 7.5 வினாடி காத்திருந்து சிக்டெர்ம், அதாவது முடித்துக்கொள் என்ற சிக்னல். இன்னும் 2.5 வினாடி பார்த்துவிட்டு, அப்போதும் அடங்கவில்லை என்றால் மொத்தப் புராசஸ் மரத்தையும் (அதையும் அது கிளப்பியவற்றையும்) வெட்டிவிடும். ஆக, ஒழுங்காக நிற்க வேண்டிய ஸ்டெப்புக்கு, செய்தி ரன்னரை அடைந்த பிறகு சுமார் பத்து வினாடிதான் ஆயுள்.

உங்களுடையது ஐந்து நிமிடம் ஓடியிருக்கிறது. அந்த எண்தான் துப்பு. நிறுத்த வேண்டும் என்று குறித்த ஜாப் 5 நிமிடத்துக்குள் நிற்கவில்லை என்றால் சர்வரே அதை வலுக்கட்டாயமாக முடித்துவிடும். உங்கள் ஓட்டம் அந்தக் கெடுவரைக்கும் போய்த்தான் செத்திருக்கிறது. அதனால், பதிவுகளைத் திருத்தும் ஸ்டெப்பில் 'இஃப்: ஆல்வேஸ்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன். கோப்பைச் சரிபார்க்கும் ஸ்டெப் ஒரு சின்ன எச்சரிக்கைக்காகத் தோற்றாலும் அடுத்த ஸ்டெப் ஓட வேண்டும் என்பதற்காக யாரோ அதைச் சேர்த்திருப்பார்கள். பல வொர்க்ஃப்ளோக்களில் பார்க்கும் பழக்கம் இது. ஆனால் ஆல்வேஸ் என்றால் கேன்சல் செய்தாலும் ஓடு என்றுதான் பொருள்.

அந்த இடத்தில் 'நாட் கேன்சல்ட்' நிபந்தனையைப் போடுங்கள். அதாவது கேன்சல்ட் ஃபங்ஷனுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. முந்தைய ஸ்டெப் தோற்றாலும் ஓடும், கேன்சல் வந்தால் நிற்கும். நீங்கள் விரும்பியது இதுதான். ஆல்வேஸ், ஜாப் அளவிலேயே எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஜாபை நிறுத்த வேண்டியது என்றே சர்வர் குறிக்காது. 5 நிமிடக் கெடுவும் பொருந்தாது. நீங்கள் வேறு அளவு கொடுத்திருக்காவிட்டால் ஒரு ஜாபுக்கு இயல்பான டைம்அவுட் 360 நிமிடம். ஆறு மணி நேரம் தவறான கோப்பு உள்ளே விளையாடும். உங்கள் வேலை வழக்கமாக இருபது நிமிடத்தில் முடியும் என்றால் டைம்அவுட்டை முப்பது என்று எழுதி வைத்துவிடுங்கள். கேன்சலே தெரியாத ஒருவர் பணியில் இருக்கும் இரவில் அது காப்பாற்றும்.

409-க்கு வருவோம். ஏற்கெனவே முடிந்துவிட்ட ஓட்டத்தை நிறுத்தச் சொன்னால் வரும் பதில் அது. உங்கள் நிரல் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டம் எப்படி முடிந்தது என்று போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஸ்டேட்டஸ், கன்க்ளூஷன் என்று இரண்டு புலங்கள் உண்டு. ஸ்டேட்டஸ் 'கம்ப்ளீட்டட்' என்றால் முடிந்தது, அவ்வளவுதான். கன்க்ளூஷன் 'கேன்சல்ட்' என்று இருந்தால்தான் உங்கள் கோரிக்கையால் நின்றது. 'சக்ஸஸ்' என்றால் உங்கள் சீட்டு போய்ச் சேருவதற்குள் வேலை முழுதாக முடிந்துவிட்டது. இரண்டுக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது வேறு என்பதால், கண்காணிப்பு நிரல் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இனி அவசரத்தில் செய்ய வேண்டிய வரிசை. முதல் அழைப்பு கேன்சலாக இருக்கக் கூடாது என்பேன். முதலில் வொர்க்ஃப்ளோவையே முடக்குங்கள்: ஆக்‌ஷன்ஸ், வொர்க்ஃப்ளோஸ், வொர்க்ஃப்ளோ ஐடி, டிசேபிள் என்று முடியும் முகவரிக்குப் புட் என்ற ஹெச்டிடிபி முறையில் அழைப்பு, 204 வந்தால் முடங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருப்பதை இது நிறுத்தாது. ஆனால் நீங்கள் ஒன்றை நிறுத்திக்கொண்டிருக்கும்போது அட்டவணைப்படி இன்னொன்று கிளம்பி வராது.

அப்புறம் அந்த வொர்க்ஃப்ளோவின் ஓட்டங்களைப் பட்டியலிடுங்கள். 'இன் ப்ராக்ரஸ்' என்று மட்டும் வடிகட்டிக் கேட்டால், 'க்யூட்' நிலையில் வரிசையில் நிற்பவையும், யாராவது ஒப்புதல் தரக் காத்திருக்கும் 'வெயிட்டிங்' ஓட்டங்களும் கண்ணில் படாது. அவற்றையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நிறுத்திவிட்டோம் என்று நீங்கள் நகர்ந்த பின் வரிசையில் நின்றது உள்ளே போகும்.

பட்டியலில் வரும் ஐடியைத்தான் கேன்சலுக்குப் பயன்படுத்த வேண்டும். திரையில் 57 என்பது போலத் தெரியும் சின்ன எண் ரன் நம்பர். அதைக் கொடுத்தால் 404 வரும். ஐடி என்பது நீளமான எண். உலாவியில் அந்த ஓட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் முகவரியிலேயே இருக்கும். ஜாப் ஐடி வேறு, அதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரீ-ரன் கொடுத்த ஓட்டத்துக்கு ஐடி மாறாது, ரன் அட்டெம்ப்ட் என்ற எண் மட்டும் கூடும். அதனால் 'இந்த ஐடியை ஏற்கெனவே நிறுத்திவிட்டேன்' என்று ஐடியை மட்டும் குறித்து வைக்கும் நிரல் ஏமாந்து போகும்.

404-க்கு இன்னொரு காரணமும் உண்டு. தனியார் ரெப்போவை (நிரல் சேமிப்பிடம்) பார்க்கவே உங்கள் டோக்கனுக்கு (ஏபிஐ-க்குக் காட்டும் அனுமதிச் சாவி) அனுமதி இல்லையென்றால், கிட்ஹப் மறுப்பதற்குப் பதிலாக அப்படி ஒன்று இல்லை என்றே சொல்லும். பார்க்க முடியும், நிறுத்த உரிமை இல்லை என்றால் 403. ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கனில் (அனுமதிகளைத் தனித்தனியாகத் தேர்ந்து கொடுக்கும் வகை) அந்த ரெப்போவுக்கு ஆக்‌ஷன்ஸ் அனுமதி 'ரைட்' என்று இருக்க வேண்டும். இதற்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம். கண்காணிப்பு நிரலின் கையில் ரெப்போவையே மாற்றும் உரிமை எதற்கு?

கேன்சல் அழைப்பு போஸ்ட் முறையில்: ரெப்போஸ், உரிமையாளர் பெயர், ரெப்போ பெயர், ஆக்‌ஷன்ஸ், ரன்ஸ், ரன் ஐடி, கேன்சல் என்று சாய்கோடுகளால் பிரித்த பாதை. 202 வந்ததும், அதே ஓட்டத்தைக் கெட் முறையில் ஐந்து அல்லது பத்து வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள். பயனர் டோக்கனுக்கு மணிக்கு 5000 அழைப்பு இயல்பான வரம்பு என்பதால் இந்த வேகம் ஒன்றும் செய்யாது. 'கம்ப்ளீட்டட்' வந்த பிறகுதான் 'நின்றது' என்று குழுவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

கெடு தாண்டியும் அசையவில்லை என்றால் கடைசியில் கேன்சல் என்பதற்குப் பதிலாக ஃபோர்ஸ்-கேன்சல் என்று அழைக்கலாம். ஆல்வேஸ் போன்ற நிபந்தனைகளை அது கண்டுகொள்ளாது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் சிலர் முதல் அழைப்பாகவே இதைத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூட்டைத் திறந்து விடுவது, தற்காலிக சர்வரை அழிப்பது போன்ற துப்புரவு ஸ்டெப்களுக்கு ஆல்வேஸ் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஃபோர்ஸ்-கேன்சல் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். சாதாரண கேன்சலுக்குப் பதில் சொல்லாத ஓட்டத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்று கிட்ஹப்பின் ஆவணமும் சொல்கிறது.

பாதி மாறிய பதிவுகள்தான் உண்மையான தலைவலி. ஏபிஐ நிறுத்தும், நடந்ததைத் திருப்பாது. அதற்கு ஸ்கிரிப்ட்தான் தயாராக இருக்க வேண்டும். பைத்தானில் சிக்இன்ட் வந்தால் கீபோர்ட்இன்டரப்ட் என்ற விதிவிலக்கு எழும். 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்று எழுதினால் அதில் இது சிக்காது, மேலே போய் நிரலை நிறுத்தும். ஆனால் வகை எதுவும் குறிப்பிடாமல் வெறும் 'எக்ஸெப்ட்' போட்டிருந்தால் இதையும் விழுங்கிவிட்டு லூப் அடுத்த பதிவுக்குப் போகும். கிடைத்த 7.5 வினாடி அவகாசமும் வீண். பிறகு வரும் சிக்டெர்ம் எந்த இடத்தில் வெட்டும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், சிக்னல் முதலில் போவது ஸ்டெப்பை நடத்தும் பாஷ் என்ற கட்டளை ஓட்டிக்கு. அதற்குள் ஓடும் பைத்தானுக்கு அது வந்து சேராமலே போகலாம். ஸ்டெப்பின் கடைசிக் கட்டளைக்கு முன்னால் 'எக்ஸெக்' என்று சேர்த்தால் பாஷ் இருந்த இடத்தில் பைத்தானே உட்கார்ந்துகொள்ளும், சிக்னல் நேராக அதற்கே வரும்.

வேலையைச் சின்னத் தொகுதிகளாக வெட்டுங்கள். நூறு பதிவுக்கு, முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு டிரான்ஸாக்ஷன், முடிந்ததும் கமிட் (மாற்றத்தை நிரந்தரமாக்குவது), எந்தத் தொகுதி வரை போனது என்பதை அதே டிரான்ஸாக்ஷனுக்குள் ஒரு அட்டவணையில் குறிப்பது. ஒரு தொகுதி இரண்டு மூன்று வினாடிக்குள் முடிகிற அளவில் இருந்தால், சிக்னல் வந்ததும் கையில் இருப்பதை முடித்துவிட்டுக் கண்ணியமாக வெளியேற நேரம் இருக்கும். குறிப்போடு ரன் ஐடியையும் எழுதி, பழைய மதிப்பையும் வைத்துக்கொண்டால் இன்றைக்கு நீங்கள் மாட்டியிருக்கும் நிலை திரும்ப வராது: இந்த ஓட்டம் தொட்ட பதிவுகள் எவை என்று கேட்டால் தரவுத்தளமே சொல்லிவிடும். இப்போதைக்கு, திருத்தம் நடந்த நேரம் பதிவுகளில் இருக்கிறது என்றால், ஓட்டம் தொடங்கியதற்கும் நின்றதற்கும் இடையில் மாறியவற்றை எடுத்து, பேக்கப்போடு ஒப்பிட்டுத் திருப்புவதுதான் வழி. அந்த நேரத்தில் வேறு யாராவது கையால் திருத்தியவை இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தரவுத்தளத்தில் ஒரே நீண்ட கட்டளையாக ஓடவிட்டிருந்தால், ஸ்கிரிப்ட் செத்தாலும் அந்தக் கட்டளை சாக வேண்டிய அவசியம் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பான அமைப்பில், கிளையன்ட் (அதோடு இணைந்திருந்த ஸ்கிரிப்ட்) போய்விட்டதை அதற்குப் பதில் அனுப்ப முயலும்போதுதான் கவனிக்கும். அதுவரை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் கட்டளைகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பார்த்து, பிஜி_கேன்சல்_பேக்எண்ட் மூலம் தனியாக நிறுத்த வேண்டும்.

வேறு கருவிக்கு மாறினாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும், பதில்தான் மாறும். ஜென்கின்ஸில் பில்ட் எண்ணுக்குப் பின்னால் ஸ்டாப். பைப்லைன் அதற்கு அடங்காவிட்டால் டெர்ம், கடைசியாகக் கில். ஏர்ஃப்ளோவில் கேன்சல் என்ற நிலையே டாக் ரன்னுக்கு (அங்கே ஓர் ஓட்டத்தின் பெயர்) கிடையாது; பேட்ச் முறையில் அதன் நிலையை 'ஃபெயில்ட்' என்று மாற்ற வேண்டும். ஏடபிள்யூஎஸ் ஸ்டெப் ஃபங்ஷன்ஸின் ஸ்டாப்எக்ஸிகியூஷன் அழைப்பு ஸ்டாண்டர்ட் வகைக்கு மட்டும்தான், எக்ஸ்பிரஸ் வகையை நிறுத்த அது உதவாது. ஏற்கெனவே கிளம்பிவிட்ட லாம்டா ஃபங்ஷனையும் (அதிலிருந்து அழைத்த தனி நிரல்) அது தடுக்காது. டெம்போரல் மட்டும் இதில் கொஞ்சம் நேர்மையானது: துப்புரவு செய்ய வாய்ப்புத் தரும் கேன்சல், தராத டெர்மினேட் என்று பெயரிலேயே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கேயும் நீண்ட ஆக்டிவிட்டி (ஒரு தனி வேலை) ஹார்ட்பீட், அதாவது இன்னும் ஓடுகிறேன் என்ற செய்தி, அனுப்பாவிட்டால் கேன்சல் வந்த செய்தி அதற்குத் தெரியாது.

பதிவுகளைச் சரிசெய்து முடித்த பிறகு, டிசேபிள் இருந்த இடத்தில் எனேபிள் போட்டு வொர்க்ஃப்ளோவைத் திறந்துவிட மறக்காதீர்கள். முடங்கிக் கிடந்த இரவுகளின் ஓட்டத்தை கிட்ஹப் தானாகத் திரும்ப நடத்தாது. வொர்க்ஃப்ளோவில் 'வொர்க்ஃப்ளோ டிஸ்பேட்ச்' (வேண்டும்போது கிளப்ப விடும் தூண்டல்) சேர்த்து வைத்திருந்தால், சரியான கோப்போடு ஏபிஐ வழியாகவே ஒருமுறை கிளப்பலாம். உண்மைத் தரவில் கை வைக்கும் முன், சோதனைத் தரவுத்தளத்தில் அதை ஓடவிட்டு, பாதியில் கேன்சல் கொடுத்து, எத்தனை வினாடியில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.