மூக்கை இழுத்தா முகம் நிக்குமா?

கேள்வி: சார், கார்ட்டூன்ல ஒருத்தர் மூக்கை ஒரு முழத்துக்கு நீட்டி வரைஞ்சாலும் யாருன்னு டக்குனு தெரியுது, ஆனா அவரோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோவ பாத்தா யோசிக்க வேண்டியிருக்கு. இது எப்படி? படிப்புக்கும் இந்த டெக்னிக் உதவுமா?

பதில்: கார்ட்டூனிஸ்ட் கண்டபடி இழுக்கறது இல்லீங்க. எல்லா முகத்துக்கும் பொதுவா ஒரு சராசரி இருக்குல்ல, அதுலேருந்து இந்த ஆள் எங்க விலகறாரோ அந்த இடத்தை மட்டும் இன்னும் தள்ளி விடறார், அதனால பெரிய மூக்கு பெருசாகும், சின்ன காது இன்னும் சின்னதாகும். சூசன் பிரென்னன்ங்கற ஆராய்ச்சியாளர் இதுக்கு கம்ப்யூட்டர் புரோகிராமே எழுதினாங்க. 1987ல கில்லியன் ரோட்ஸ்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளரோட சேர்ந்து சோதிச்சப்போ, தெரிஞ்ச முகங்களை உள்ளபடி போட்ட கோட்டுப்படத்தை விட மிகைப்படுத்தினதுல ஜனங்க வேகமா கண்டுபிடிச்சாங்க, சராசரி பக்கம் இழுத்த படம்தான் ரொம்ப ஸ்லோ. போட்டோல இந்த லாபம் குறைவு, அதையும் சொல்லிடறேன்.

பறவைக்கும் இதே கதைதான். கடற்புறா குஞ்சு, தாயோட மஞ்சள் அலகுல இருக்கற சிவப்பு புள்ளிய கொத்தித்தான் இரை கேக்கும். விலங்குகளோட நடத்தைய ஆராய்ஞ்ச விஞ்ஞானி டின்பெர்கன், அந்த அலகை மிகைப்படுத்தின மாதிரி மூணு வெள்ளை பட்டை போட்ட மெல்லிசான சிவப்பு குச்சிய நீட்டினாரு, நிஜம் மாதிரியே செஞ்ச தலைய விட அதைத்தான் குஞ்சுங்க அதிகமா கொத்துச்சு!

படிப்புக்கு வருவோம். ரெண்டு இலை ஒரே மாதிரி இருந்து குழப்புதுன்னா, வித்தியாசம் எதுல இருக்கோ, நுனியோ ஓரத்து பல்லோ, அதை மட்டும் ரெண்டு மடங்கா வரைஞ்சு பழகுங்க, தப்பில்லாம சொல்ல வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா நிஜ அளவுக்கு கொண்டு வந்துடுங்க, பெருசுலயே நின்னுட்டா நிஜ இலை கைக்கு வரும்போது முழிப்பீங்க. காதுக்கும் இது பலிக்கும், ஜப்பான்காரங்களுக்கு ஆங்கிலத்து ர, ல சத்தம் பிரியாது, 2002ல வெளிவந்த ஒரு ஆய்வுல அந்த வித்தியாசத்தை ஊதிப் பெருசாக்கி ஆரம்பிச்சு, சரியா சொல்லச் சொல்ல குறைச்சுக்கிட்டே வந்தாங்க, தேறினாங்க. ஆனா சரியா தப்பான்னு உடனுக்குடன் சொன்னப்போ, ஊதாம சொல்லிக்குடுத்தவங்களும் தேறிட்டாங்க, அதனால பக்கத்துல விடை சரிபார்க்க ஒரு ஆள வச்சுக்கிறது எப்பவும் நல்லது.

கேள்வி: என் பையன் புக் முழுக்க ஹைலைட்டர் போட்டு வச்சிருக்கான், இதுவும் அந்த டெக்னிக்தானா?

பதில்: இல்லம்மா, அது பெயின்ட் அடிக்கிறது. கூட்டத்துல தனியா தெரியறதுதான் மனசுல நிக்கும்னு ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1933லயே காட்டிட்டாங்க. பக்கத்துக்கு ஒரு வரி, அதுக்கு மேல போட்டா பேனாவ வாங்கி வச்சுடுங்க.