சாயும் மிளகாய் நாற்று: விளக்கை இறக்குங்கள், பாட்டில் வாங்காதீர்கள்

வாசகர் கேள்வி: வெயில் எட்டாத அறையில் எல்.இ.டி. விளக்கு வைத்து மிளகாய் வளர்க்கப் பார்க்கிறேன். 20 விதையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈர டிஷ்யூவில் சுற்றிப் பிறகு குழித்தட்டில் ஊன்றினேன். ஏ.சி. 22 டிகிரியில் ஓடும். மூன்று வாரத்தில் 7 தான் முளைத்தது. அவையும் நூல் போல ஓடின. அதில் 4 மண் மட்டத்தில் மடிந்து விழுந்துவிட்டன. '1000 வாட்' என்று போட்ட விளக்கு 60 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது. அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. வேர் ஹார்மோன், முளைப்பு ஊக்கி, பூஞ்சைக்கொல்லி மூன்றையும் வாங்கச் சொல்கிறார் விற்றவர். தண்டைக் கழுத்துவரை புதைத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அந்த மூன்று பாட்டிலையும் வாங்காதீர்கள். மிச்சம் நிற்கும் மூன்று நாற்றையும் பிடுங்கிப் போடாதீர்கள். 20 விதை 7 ஆனதற்கு ஒரு காரணம், அந்த 7 நாற்று 3 ஆனதற்கு வேறு காரணம். இரண்டையும் போட்டுக் குழப்பினால்தான் பாட்டில் வியாபாரம் நடக்கும்.

வேர் ஹார்மோன் என்பது வெட்டி நடும் குச்சிகளுக்கானது. விதைக்குள் இருக்கும் முளைவேருக்கு அது தேவையே இல்லை; அளவு கூடினால் அந்த வேரையே குட்டையாக்கிவிடும். முளைப்பு ஊக்கி என்ற பெயரில் வருவதில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று பாட்டிலில் தெளிவாக அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு பேசலாம், பெரும்பாலும் இருக்காது. பூஞ்சைக்கொல்லி, விழுந்த நாற்றை எழுப்பாது. நாற்றழுகல், அதாவது மண் மட்டத்தில் தண்டு அழுகும் நோய், வந்த தண்டு முடிந்த கதை.

விதையிலிருந்து ஆரம்பிப்போம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முளைப்புத் திறன் சதவீதம், அதைச் சோதித்த தேதி, குவியல் எண் (லாட் நம்பர்) மூன்றும் இருக்க வேண்டும். மொத்தமாக வாங்கிச் சின்னப் பையில் பிரித்துப் போட்டு விற்பவர்கள் முதலில் தொலைப்பது இந்த மூன்றைத்தான். படம் மட்டும் பளபளவென்று இருக்கும். மிளகாய் விதை குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் இருந்தால் இரண்டு முதல் நான்கு ஆண்டு நன்றாக முளைக்கும்; சூடான கிடங்கில் கிடந்தால் ஒரே ஆண்டில் பாதி போய்விடும். தேதி இல்லாத பையில் எது வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மூட்டைக் கணக்கில் வாங்குபவருக்குக் கிடைக்கும் அச்சிட்ட விவரம், பத்து விதை வாங்குபவருக்குக் கிடைக்காத நிலையை இன்னும் எத்தனை காலம் விட்டுவைப்பார்கள் என்று புரியவில்லை. வான நீல நிறத்தில் மிளகாய் படம் போட்ட பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். ஊதா மிளகாய் உண்டு. அந்த நீலம் கணினியில் தீட்டியது.

ஆனால் உங்கள் விஷயத்தில் விதையை மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் ஊறல் அதிகம். விதையும் மூச்சு விடும் உயிர்தான். தண்ணீருக்கடியில் காற்று கிடைக்காமல் மூச்சுமுட்டிப் போகும். 8 முதல் 12 மணி நேரம் போதும், அதுவும் கட்டாயமில்லை. சிவப்பு, பச்சை என்று மருந்துப் பூச்சு இருக்கும் விதையை ஊறவைக்கவே கூடாது, பூச்சு கழுவிக்கொண்டு போய்விடும். கையுறை போட்டு நேராக ஊன்றுங்கள்.

அடுத்தது சூடு. மிளகாய் முளைக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும், 28 வாக்கில் இருந்தால் ஒன்று, ஒன்றரை வாரத்தில் தலை காட்டும். 20-க்குக் கீழே போனால் வாரக்கணக்கில் இழுக்கும், 15-ல் ஏறக்குறைய நின்றேவிடும். நீங்கள் சொல்லும் 22 டிகிரி, அறைக் காற்றின் கணக்கு. ஈரக் கலவையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கலவை காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்கும். ஆக உங்கள் விதை கிடந்தது 19, 20-ல். வெப்பமானியைக் கலவைக்குள் செருகிப் பாருங்கள். முளைக்கும்வரை தட்டை ஏ.சி. இல்லாத அறைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். சூட்டு விரிப்பு வாங்குவதானால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வாங்குங்கள். அது இல்லாத விரிப்பு சூட்டை அளவுக்கு மீறி ஏற்றி விதையை அவித்துவிடலாம்.

டிஷ்யூ முறை தப்பில்லை. பிழிந்தால் சொட்டாத ஈரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முளைவேர் 3 முதல் 5 மி.மீ. வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டால் வேர்த்தூவி (வேரின் நுண்ணிய முடி) டிஷ்யூ இழைக்குள் புகுந்துகொள்ளும், இழுக்கும்போது நுனி அறும். நுனி அறுந்த விதை வெளியில் நன்றாகத்தான் தெரியும், மண்ணுக்குள் போய்ப் பெரும்பாலும் அப்படியே அடங்கிவிடும். வேரைத் தொடாமல் விதையின் உடம்பைப் பிடித்து, வேர் கீழ்நோக்க, அரை முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் வையுங்கள். அதற்கு மேலே ஆழம் வேண்டாம். ரொம்ப மேலாக ஊன்றினால் விதை ஓடு வித்திலையில் (விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு இலை) தொப்பி போல மாட்டிக்கொள்ளும். அப்போது ஓட்டை நனைத்து நனைத்து ஊறவிடுங்கள், நகத்தால் பிய்க்காதீர்கள்.

கலவை: தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடல்நீர் பட்ட மட்டையிலிருந்து வந்ததென்றால் உப்பு அதிகம் இருக்கும், வேர் நுனி கருகும். 'கழுவியது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் அலசுங்கள். தோட்டத்து மண் வேண்டாம். சின்னக் குழியில் அது இறுகி, காற்று போகாமல், கூடவே நோயையும் கொண்டுவரும்.

இனி 4 நாற்று விழுந்த கதை. மண் மட்டத்தில் தண்டு நீர்கோத்து, நூலாகச் சுருங்கி மடிந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா என்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள்தான் வழக்கமாக இதைச் செய்கின்றன. இவற்றுக்கு வேண்டியது மூன்று: தேங்கிய ஈரம், அசையாத காற்று, வலுவில்லாத தண்டு. உங்கள் அறை மூன்றையும் கொடுத்தது. பழைய தட்டை வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். மூடி போட்டிருந்தால், முதல் முளை தெரிந்ததுமே கழற்றிவிடுங்கள். மேலே ஊற்றாமல் தட்டுக்கடியில் தண்ணீர் விட்டு, 20 நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தண்ணீர் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்த பிறகுதான். தட்டைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் எடையே சொல்லிவிடும். சின்ன மின்விசிறியை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, இலை லேசாக ஆடும் அளவுக்கு ஓடவிடுங்கள். தண்டும் அதனால் தடிக்கும். கறுப்பாகச் சின்ன ஈ பறக்கிறதென்றால் அதற்கும் மருந்து கேட்காதீர்கள். கலவை ஓயாமல் நனைந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

விளக்குக்கு வருவோம். இந்தச் சந்தையில் எனக்கு மிகுந்த கோபம் வருவது இங்கேதான். 12 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்குங்கள். 24. உங்கள் '1000 வாட்' விளக்கால் அதிகபட்சம் இழுக்க முடிந்தது 24 வாட். மிச்ச 976 வாட் அட்டைப்பெட்டியில் மட்டுமே இருக்கிறது. '1000-க்குச் சமம்' என்று பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கிறார்கள். எதற்குச் சமம், எந்த உயரத்தில், யார் அளந்தது? எழுதியிருக்காது. சுவரிலிருந்து இழுக்கும் உண்மையான வாட்டைப் பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போட்டே ஆகவேண்டும் என்று விதி இருந்தால் இந்த ஏமாற்று ஒரே நாளில் நின்றுவிடும். அதுவரை கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்: "உண்மையில் எத்தனை வாட் இழுக்கும்?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

நல்ல செய்தி, 24 வாட் நாற்றுக்குப் போதும். உயரம்தான் கெடுத்தது. 60 செ.மீ. மேலே இருந்தால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் சுவருக்கும் தரைக்கும் போகிறது. செடி வெளிச்சத்தைத் தேடி நீளும், தண்டு மெலியும், மெலிந்த தண்டு முதலில் அழுகும். விளக்கை இலையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். அதனடியில் 30-க்கு 30 செ.மீ. பரப்புக்கு மேல் தட்டுகளைப் பரப்பாதீர்கள். இலை மட்டத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடு சுருக்கென்று பட்டால் இன்னும் ஐந்து செ.மீ. ஏற்றுங்கள். வெள்ளை விளக்கென்றால் கைப்பேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலியே தோராயமாகச் சொல்லும். நாற்றுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ், பூக்கும் செடிக்கு 25,000-க்கு மேல். ஊதா வெளிச்சத்தில் இந்தக் கணக்கு எடுபடாது, லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. ஊதாதான் செடிக்கு உகந்தது என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். நல்ல வெள்ளை எல்.இ.டி. முளை முதல் காய் வரை தாங்கும், இலையின் நிறம் மாறினால் கண்ணுக்கும் தெரியும்.

நேரம் 14 முதல் 16 மணி. டைமர் போட்டுவிடுங்கள். மிளகாய் இரவின் நீளத்தை எண்ணிப் பூப்பதில்லை, வளர்ந்ததும் தானாகப் பூக்கும். அதனால் நேரத்தை மாற்றி மாற்றி விளையாட வேண்டியதில்லை. விடிய விடிய எரியவிட்டால் வேகமாக வளரும் என்று நினைக்காதீர்கள்.

தண்டைப் புதைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வீடியோ தக்காளிக்குச் சரி. தக்காளித் தண்டு ஈர மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். அதனால் நெடுநெடுவென்று போன தக்காளி நாற்றை முதல் இலைவரை புதைக்கலாம், சாய்த்துப் படுக்கப்போட்டும் புதைக்கலாம். அதிலும் ஒன்று: ஒட்டுக்கட்டிய தக்காளியைப் புதைக்கக் கூடாது. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்; மேல்பகுதி தனக்கென்று வேர் விட்டுவிட்டால், நோய் தாங்கும் அடிவேருக்காகக் கொடுத்த காசு வீண். மிளகாய் இந்த வகையில் தக்காளி இல்லை. புதைத்த தண்டில் வேர் வருவது அபூர்வம், வந்தாலும் மெதுவாக வரும். அதற்குள் ஈரம் பட்டு அழுகல் ஏறிவிடும். கத்தரிக்காய்ச் செடிக்கும் இதே கதைதான். ஆனாலும் ஒரு சலுகை உண்டு: தண்டு பச்சையாக, விறைப்பாக இருந்து, வித்திலைக்கு மேலே இரண்டு உண்மையான இலை விரிந்த பிறகு, மாற்றி நடும்போது ஒன்று, ஒன்றரை செ.மீ. கூடுதலாக இறக்கலாம். வித்திலை மண்ணில் படக்கூடாது. அதற்கும் முந்திய நாற்றென்றால் புதைக்காமல் இரண்டு பல்குச்சியைப் பக்கத்தில் ஊன்றித் தாங்கிவிடுங்கள். உங்கள் மூன்று நாற்றுக்கும் இப்போதைக்கு அதுதான் வழி. விளக்கை இறக்கிய பிறகு வரும் புதுக் கணு நெருக்கமாகவும் தடிப்பாகவும் வரும்.

உரத்துக்கு அவசரமில்லை. வித்திலை பச்சையாக இருக்கும்வரை அதன் கையிருப்பே போதும். உண்மையான இலை இரண்டு சோடி ஆனதும், 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில்) கரையும் உரம் லிட்டருக்கு கால் கிராம், பத்து நாளில் அரை கிராம். நார்க்கழிவில் சுண்ணாம்புச் சத்து பிடிபட்டுப்போகும்; அதனால் கால்சியம் நைட்ரேட்டும் லிட்டருக்கு அரை கிராம், ஆனால் வேறு நாளில். இரண்டையும் கெட்டியாக ஒரே பாட்டிலில் கரைத்தால் வெள்ளை வண்டல் அடியில் தங்கும், செடிக்கு எதுவும் சேராது.

நாலைந்து இலையில் 7 செ.மீ. தொட்டிக்கும், வேர் சுற்ற ஆரம்பிக்கும் முன் கடைசித் தொட்டிக்கும் மாற்றுங்கள். குட்டை ரகத்துக்கு 4, 5 லிட்டர், பெரிய ரகத்துக்கு 10 லிட்டர். நார்ப் பொட்டலத்தில் முளைக்கவைத்ததென்றால் சுற்றியுள்ள வலையைக் கத்தரித்துவிட்டு நடுங்கள். 'தானாக மக்கும்' என்பார்கள், வேர் திணறி நிற்கும்போதும் வலை அப்படியே இருக்கும்.

பூ வரும் கட்டத்தில் அந்த 24 வாட் போதாது. 60-க்கு 60 செ.மீ. பரப்புக்கு உண்மையான 80 முதல் 100 வாட் வேண்டும். அதை இப்போதே வாங்க வேண்டாம், பூ மொட்டு வைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அறைக்குள் வெளிக்காற்றும் தேனீயும் இல்லாததால், பூ விரிந்த நாட்களில் பகல் வேளையில் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்தச் சுண்டலே மகரந்தத்தை உதிர்த்துவிடும். காம்போடு பூ கொட்டினால் விளக்கடி வெப்பத்தைப் பாருங்கள், 33, 34 டிகிரியைத் தாண்டியிருக்கலாம்.